நான்கு இன்ஜின், ஒரு ஆயில் கடை

எங்கள் வீட்டுக்கு நான்கு இன்ஜின். மனைவியின் மைவி கார், அப்பாவின் பழைய சாகா ஈஸ்வரா கார், நான் வேலைக்கு ஓட்டிப் போகும் இஎக்ஸ்5 மோட்டார், சனிக்கிழமையானால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் மச்சானின் எக்ஸ்50 கார். நான்குக்கும் ஆயில் வாங்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ பக்கம் வழக்கமாகப் போகும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு சுவர் முழுக்கப் போத்தல்கள்தான். உள்ளே நுழைந்ததும் கடை முதலாளி தவுக்கே கேட்பது இரண்டே கேள்வி. செமியா, ஃபுல்லியா? எத்தனை வெள்ளிக்குள்ளே? என்ன வண்டி என்று மூன்றாவதாகக் கேட்டால் உண்டு.

நம் ஊரில் இதை மினியாக் ஹீத்தாம், கறுப்பு எண்ணெய் என்கிறோம். புதுப் போத்தலிலிருந்து ஊற்றும்போது பாருங்கள், நல்லெண்ணெய் நிறத்தில்தான் இருக்கும். இன்ஜினுக்குள் சுற்றி அழுக்கைத் தூக்கிச் சுமந்த பிறகு வருவது அந்தக் கறுப்பு. அதனால் ஆயில் கறுத்ததைப் பார்த்துப் பதற வேண்டாம்; கறுக்கிறது என்றால் கழுவுகிற வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

போத்தலின் முன்பக்கத்தில் பந்தயக் கார், தீப்பொறி, "அல்ட்ரா", "மேக்ஸ்" என்று என்னென்னவோ இருக்கும். பின்பக்கம் திருப்பினால் கீழ்மூலையில் உளுந்து வடை மாதிரி ஒரு வட்டம் தெரியும். ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் முத்திரை அது. வடையின் மேல் வளைவில் "ஏ.பி.ஐ. சர்வீஸ் எஸ்.பி." என்பதுபோல ஒரு எழுத்துக் குறி. ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் "எஸ்.ஏ.இ. 5டபிள்யூ-30" என்பதுபோல எண்கள். கீழ் வளைவில், எல்லாப் போத்தலிலும் அல்ல, சிலவற்றில் மட்டும், "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்ற சொல்.

நடுவில் இருப்பது எவ்வளவு கெட்டி என்பது. மேலே இருப்பது எந்தச் சோதனைகளில் தேறியது என்பது. கீழே இருப்பது எரிபொருள் மிச்சப்படுத்தும் வகையா என்பது. மூன்றும் தனித்தனி விஷயம். "5டபிள்யூ-30தான் நல்ல ஆயில்" என்று யாராவது சொன்னால், "நாற்பத்திரண்டு சைஸ்தான் நல்ல சட்டை" என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். சைஸ் வேறு, துணியின் தரம் வேறு.

மைவி: 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-40

ஐந்து வருட வாரண்டி இருந்தவரை மைவி சர்வீஸ் சென்டருக்குத்தான் போனது. அங்கே ஊற்றியது 0டபிள்யூ-20. வாரண்டி முடிந்து, ஆயிலை நாமே வாங்கிக்கொண்டு போர்மனிடம், அதாவது பட்டறை மெக்கானிக்கிடம், போகலாம் என்று முடிவானபோதுதான் குழப்பம் ஆரம்பித்தது. போர்மன் அண்ணன் போத்தலை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இது தண்ணி. ஜப்பான் குளிருக்குச் செஞ்சது. நம்ம வெயிலுக்கு 10டபிள்யூ-40 போடுங்க, இன்ஜின் சத்தமே மாறிடும்" என்றார். இருபது வருடம் கையில் ஸ்பேனர் பிடித்தவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. அதனால் அந்த எண்களை உட்கார்ந்து படித்தேன்.

எஸ்.ஏ.இ. என்பது அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கம். ஆயிலின் பாகுத்தன்மைக்கு 1911லேயே தரவரிசை போட ஆரம்பித்தவர்கள். எண்ணுக்குப் பின்னால் வரும் டபிள்யூ, ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. கடுங்குளிரில் இன்ஜினைச் சுற்ற முடிகிற அளவுக்கு ஆயில் இளகி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. 0டபிள்யூ ஆயிலுக்கு அந்தச் சோதனை மைனஸ் 35 டிகிரியில் நடக்கும். 5டபிள்யூவுக்கு மைனஸ் 30, 10டபிள்யூவுக்கு மைனஸ் 25, 15டபிள்யூவுக்கு மைனஸ் 20, 20டபிள்யூவுக்கு மைனஸ் 15. கோலாலம்பூரில் விடியற்காலை மழை பெய்து ஓய்ந்தாலும் இருபத்து மூன்று டிகிரி இருக்கும். ஆக, முதல் எண் கேட்கும் கேள்வி நம் ஊரில் எழுவதே இல்லை.

அந்த 0 என்ற எண்தான் போர்மன் அண்ணனை ஏமாற்றியது. சைபர் என்றதும் தண்ணீர் என்று தோன்றுகிறது. உண்மையில் காலையில் நீங்கள் சாவியைத் திருப்பும் நொடியில், ஆறிக் கிடக்கும் 0டபிள்யூ-20, ஓடிச் சூடேறிய 20டபிள்யூ-50ஐவிடப் பல மடங்கு கெட்டி. எல்லா ஆயிலும் ஆறினால் கெட்டியாகும், சூடானால் இளகும். டபிள்யூ எண் சிறியதாக இருந்தால், குளிரில் குறைவாகக் கெட்டியாகும், அவ்வளவுதான். ரசம், சாம்பார் இரண்டையும் ஃபிரிஜ்ஜில் வைத்து எடுத்தது மாதிரி யோசியுங்கள்.

சூட்டில் என்ன ஆகிறது என்பதைச் சொல்வது இரண்டாவது எண். இதைத்தான் கவனிக்க வேண்டும். 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு இழுவையாக ஓடுகிறது என்று சென்டிஸ்டோக்ஸ் என்ற அளவில் பார்க்கிறார்கள். 20 என்றால் 6.9 முதல் 9.3க்குள். 30 என்றால் 9.3 முதல் 12.5க்குள். 40க்கு 12.5 முதல் 16.3 வரை, 50க்கு 16.3 முதல் 21.9 வரை. எல்லைகள் அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தீர்களா? 20இன் மேல் ஓரத்தில் இருக்கும் ஒரு பிராண்டும் 30இன் கீழ் ஓரத்தில் இருக்கும் இன்னொரு பிராண்டும் கிட்டத்தட்ட ஒரே ஆயில்தான். எண் மாறியதாலேயே உலகம் தலைகீழாகிவிடாது.

இன்னொரு அளவும் உண்டு, போத்தலில் அச்சிட மாட்டார்கள். 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்கு நடுவே நசுங்கும் நிலையில், ஆயில் படலம் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பது. எச்.டி.எச்.எஸ். என்பார்கள். 20க்குக் குறைந்தபட்சம் 2.6, 30க்கு 2.9, 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 வகைகளுக்கு 3.5. இன்ஜினைத் தேய்மானத்திலிருந்து காப்பது பெரும்பாலும் இந்த எண்தான். எண் ஏறினால் பாதுகாப்பு கூடும். கூடவே ஆயிலைத் தள்ளுவதற்கு இன்ஜின் செலவழிக்கும் சக்தியும் கூடும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

சரி, நம் வெயிலுக்குக் கெட்டி ஆயில் வேண்டாமா? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். இன்ஜினில் தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது. வெளியே ஓசாக்கா குளிரோ செராஸ் வெயிலோ, கூலன்ட்டைத் தொண்ணூறு டிகிரியை ஒட்டி நிறுத்துவதற்காகவே அது இருக்கிறது. ஆயிலும் சூடேறிய பிறகு அதையொட்டிய சூட்டில்தான் ஓடும். வெளியே 33 டிகிரி என்பது உள்ளே ஓடும் ஆயிலுக்குப் பெரிய செய்தியில்லை. அதைச் சோதிப்பது பாரம்தான்: ஐந்து பேர், சாமான், ஏர்கோன், கெந்திங் மலைக்குக் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் ஏற்றம், இரண்டாவது கியரில் விடாமல் உறுமுவது. டொயோட்டாவின் கையேடுகள் இதை ஒரே வரியில் சொல்லிவிடும்: அதிவேகத்திலோ அதிகப் பாரத்திலோ ஓட்டுவதாக இருந்தால் கொஞ்சம் கூடுதல் பாகுத்தன்மை உள்ள ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்று. வெயிலைப் பற்றி அந்த வரியில் ஒன்றுமில்லை.

மனைவி கெப்போங்கிலிருந்து நகருக்குள் போய் வருகிறாள். காலையும் மாலையும் ஜேம், வேகம் முப்பதைத் தாண்டினால் அதிசயம். பாரமில்லாத ஓட்டம். இதற்கு 0டபிள்யூ-20 போதும். அதுவும் மைவியின் வால்வு நேரத்தை மாற்றும் விவிடி-ஐ அமைப்பு ஆயில் அழுத்தத்தால்தான் வேலை செய்கிறது. இன்ஜினை வடிவமைத்தவர்கள் எந்தக் கெட்டியை மனதில் வைத்து அந்தத் துவாரங்களைத் துளைத்தார்களோ அதை ஊற்றுவதே நியாயம். 10டபிள்யூ-40 போட்டால் சத்தம் குறையும் என்று அண்ணன் சொன்னது பொய்யில்லை, குறையும்தான். ஆனால் பஞ்சை அடைத்தாலும் சத்தம் குறையும்.

5டபிள்யூ-30 பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு. மாதத்துக்கு இருமுறை கேமரன் மலைக்கோ கெந்திங்குக்கோ குடும்பத்தோடு ஏறுகிறவராக இருந்தால், அல்லது மீட்டர் லட்சத்தைத் தாண்டி, சர்வீஸுக்கு நடுவே, அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் இறங்குவதைப் பார்த்தால், யோசிக்காமல் அதற்கு மாறுவேன். இப்போதைக்கு 0டபிள்யூ-20இலேயே நிற்கிறோம். 10டபிள்யூ-40க்கு இந்த வண்டியில் ஒரு காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை.

எக்ஸ்50: எழுத்துக்குத்தான் காசு

மச்சானுடையது நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் மேல்ரக மாடல், டர்போ வேறு. அவர் சலுகை விலையில் ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கையேடு சொன்ன அதே எண், பெரிய பிராண்ட். "நம்பர் சரியா இருக்கு பாருங்க மாமா, பாதி விலை!" வடையைத் திருப்பிப் பார்த்தால் மேல் வளைவில் எஸ்.எம்.

ஏ.பி.ஐ. குறியில் முதல் எழுத்து எஸ் என்றால் பெட்ரோல் இன்ஜின், சி என்றால் டீசல். இரண்டாவது எழுத்து தலைமுறை. அகர வரிசையில் பின்னால் போகப் போகப் புதியது. எஸ்.எல். 2001, எஸ்.எம். 2004, எஸ்.என். 2010, எஸ்.பி. 2020 மே மாதம், எஸ்.கியூ. 2025. நடுவே ஐ, கே, ஓ எழுத்துகளைத் தாண்டிப் போயிருக்கிறார்கள், அதனால் "எஸ்.ஓ. எங்கே கிடைக்கும்?" என்று கடையில் தேட வேண்டாம், அப்படி ஒன்று கிடையாது. புதிய எழுத்து, பழைய எழுத்தின் வேலையையும் செய்யும், எஸ்.எல். கேட்கும் காருக்கு எஸ்.பி. ஊற்றலாம். திருப்பிச் செய்தால்தான் வம்பு. எஸ்.எம். என்பது 2010 வரையிலான இன்ஜின்களுக்கான தரம். எக்ஸ்50 இங்கே விற்பனைக்கு வந்ததே 2020இல்.

சும்மா எழுத்துக்காகப் பிடிவாதம் பிடிக்கவில்லை. சின்ன டர்போ இன்ஜின்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. சுற்றுகள் குறைவாக இருக்கும்போது திடீரென்று ஆக்சிலரேட்டரை மிதித்தால், ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே சிலிண்டருக்குள் தானாகத் தீப்பற்றிக்கொள்ளும். எல்.எஸ்.பி.ஐ. என்று பெயர். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து சம்மட்டியால் அடித்தது மாதிரி. பலமாக விழுந்தால் பிஸ்டன் உடையும், கனெக்டிங் ராடு வளையும். பிஸ்டன் வளையங்களின் ஓரத்தில் பெட்ரோலோடு கலந்து தெறிக்கும் ஆயில் துளிகளும் இதற்குக் காரணம் என்று ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். ஆயிலில் அழுக்கு நீக்கச் சேர்க்கும் கால்சியம் அதிகமாக இருந்தால் இது கூடுகிறது. கொஞ்சம் மெக்னீசியத்துக்கு மாற்றினால் குறைகிறது. அதற்காகத்தான் 2018இல் எஸ்.என். பிளஸ் என்று அவசரமாக ஒரு துணைத் தரத்தைக் கொண்டுவந்தார்கள். எஸ்.பி.யில் அந்தச் சோதனையோடு டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் சேர்ந்தது.

எம்.ஆர்.ஆர்.2 நெடுஞ்சாலை ஜேமில் நகர்ந்து நின்று, நகர்ந்து நின்று, திடீரென்று ஒரு சந்து கிடைத்ததும் மிதிப்பது. அந்த வியாதிக்கு இதைவிட நல்ல விளைநிலம் கிடையாது. இப்படி நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ இன்ஜினுக்கு எஸ்.என். பிளஸுக்குக் கீழே எதுவும் ஊற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எஸ்.பி. கிடைக்கும்போது அதற்குக் கீழே இறங்கவும் அவசியமில்லை. எண் எது என்று கையேடு சொல்லட்டும், எழுத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மச்சான் போத்தலைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கடைக்காரர் மாற்றித் தரவில்லை. அந்த எஸ்.எம். போத்தல் யாருக்குப் பயன்பட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சில போத்தல்களில் இல்சாக் ஜி.எஃப்.-6ஏ என்றும் இருக்கும். அமெரிக்க, ஜப்பானிய கார் தயாரிப்பாளர்கள் சேர்ந்து வகுத்தது. எஸ்.பி.யின் சோதனைகளோடு எரிபொருள் சிக்கனமும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். 40, 50 ஆயில்களில் இது இருக்காது, மெல்லிய ஆயில்களுக்கு மட்டும்தான். மைவிக்கும் எக்ஸ்50க்கும் இருந்தால் நல்லது.

ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. உங்களுக்கு ஏ.பி.ஐ. வடை போதாது. வோல்க்ஸ்வேகன் 502.00, மெர்சிடிஸ் 229.5 மாதிரி அந்தந்தக் கம்பெனியின் சொந்த எண் கையேட்டில் இருக்கும். அதே எண் போத்தலிலும் இருக்க வேண்டும். "அங்கீகாரம் பெற்றது" என்று எழுதியிருப்பதும் "தேவைகளைப் பூர்த்தி செய்யும்" என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. முதலாவது கார் கம்பெனி சொன்னது, இரண்டாவது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. டீசல் வண்டியில் புகை வடிகட்டி இருந்தால் சாம்பல் குறைந்த ஆயில்தான், ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர்களின் ஏ.சி.இ.ஏ. சி3 தரம் போல, இல்லையென்றால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

ஈஸ்வரா: அப்பாவும் 20டபிள்யூ-50ம்

அப்பாவின் ஈஸ்வரா கார்புரேட்டர் வண்டி. மிட்சுபிஷி வழி வந்த இன்ஜின். அப்பா வாங்கிய நாள் முதல் அதற்கு 20டபிள்யூ-50 தவிர வேறொன்றும் ஊற்றியதில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வாலில் நீலப் புகை ஒரு கொத்து வரும், அப்புறம் நின்றுவிடும். வால்வு சீல் காய்ந்துபோனதன் அடையாளம் அது. ராத்திரி முழுக்கச் சொட்டிய ஆயில் காலையில் எரிகிறது.

இங்கே கெட்டி ஆயிலுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. தேய்ந்த இன்ஜினில் இடைவெளிகள் பெரிதாகியிருக்கும், மெல்லிய ஆயில் அழுத்தம் பிடிக்காது, சீல் வழியாகவும் சீக்கிரம் இறங்கும். நான் சொன்ன சமரசம் 15டபிள்யூ-40. சூட்டில் ஒரு படி மெல்லியது. ஆனால் 150 டிகிரி சோதனையில் 15டபிள்யூ-40க்கும் 20டபிள்யூ-50க்கும் ஒரே குறைந்தபட்ச எல்லைதான், 3.7. அப்பா காதில் வாங்கவில்லை. "ஓடுற வண்டியை ஏண்டா நோண்டறே?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கும் சந்தைக்கும் போகும் வண்டிக்கு அவர் சொல்வதே போதும் என்று விட்டுவிட்டேன்.

நான் விடாத ஒரே விஷயம் எழுத்து. மலிவு விலைப் போத்தல்கள் சிலவற்றில் இன்னமும் எஸ்.எஃப்., எஸ்.ஜி. என்று இருக்கும். எஸ்.எஃப். 1988 வரையிலான இன்ஜின்களுக்கு, எஸ்.ஜி. 1993 வரையிலானவற்றுக்கு. எஸ்.ஏ. முதல் எஸ்.எச். வரை எல்லாமே காலாவதியான தரங்கள் என்று ஏ.பி.ஐ.யே சொல்லிவிட்டது. "பழைய காருக்குப் பழைய ஆயில்தானே" என்று கடையில் சொல்வார்கள். பழைய காருக்கும் கசடு சேராமல் பார்க்க நல்ல ஆயில்தான் வேண்டும். மச்சானின் எஸ்.எம். போத்தல் 30 ஆயில், ஈஸ்வராவுக்கு ரொம்ப மெல்லிசு. இல்லாவிட்டால் எழுத்தைப் பொறுத்தவரை அப்பாவுக்கு அது தாராளமாகப் போதும்.

இஎக்ஸ்5: நான் செய்த முட்டாள்தனம்

மைவிக்கு 4 லிட்டர் போத்தல் வாங்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மிஞ்சும். இரண்டு மூன்று சர்வீஸில் மிஞ்சியதை ஒரே போத்தலில் சேர்த்து வைத்திருந்தேன். இஎக்ஸ்5க்கு வேண்டியதே முக்கால் லிட்டர் சுமார்தான். ஃபுல்லி சிந்தெடிக், எஸ்.பி., விலை உயர்ந்த சரக்கு. வீணாக்குவானேன் என்று மோட்டாரில் ஊற்றினேன்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஜாலான் டூத்தா மேம்பாலத்தில் ஏறும்போது மூன்றாம் கியரில் திருகினேன். இன்ஜின் "வ்வ்வீ" என்று உயரக் கத்துகிறது, வண்டி மட்டும் அப்படியே தவழ்கிறது. பின்னால் வந்த லோரி ஹார்ன் அடிக்கிறது. செயின் அறுந்ததோ என்று குனிந்து பார்த்தேன், செயின் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கிளட்ச் வழுக்கியிருக்கிறது.

காரில் கிளட்ச் இன்ஜின் ஆயில் படாமல் வெளியே தனியாக இருக்கும். கப்சாய் என்கிற இந்தச் சின்ன கியர் மோட்டார்களில் கிளட்ச் தட்டுகள், கியர், இன்ஜின் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. கார் ஆயிலில், முக்கியமாக வடையின் கீழ் வளைவில் "ரிசோர்ஸ் கன்சர்விங்" போட்ட மெல்லிய ஆயிலில், உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். பிஸ்டனுக்கு அது நல்லது. கிளட்சுக்கு உராய்வுதான் சோறு. அதைப் பிடுங்கினால் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கும்.

இதற்காகவே ஜப்பானியர்கள் ஜாசோ என்ற தரத்தை வைத்திருக்கிறார்கள். மோட்டார் ஆயில் போத்தலில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் எம்.ஏ., எம்.ஏ.2, எம்.பி. என்று இருக்கும். எம்.ஏ. வகைகள் உராய்வு கூடியவை, ஈரக் கிளட்சுக்கு. அதிலும் எம்.ஏ.2 பிடிமானம் இன்னும் கூடியது. எம்.பி. உராய்வு குறைந்தது, ஸ்கூட்டர்களுக்கு. வேரியோ மாதிரி கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் தனியே உலர்ந்து இருப்பதால் அதற்கு எம்.பி. சரிதான், எரிபொருளும் கொஞ்சம் மிச்சம். இஎக்ஸ்5, ஒய்15 மாதிரி கியர் மோட்டாருக்கு எம்.பி. ஊற்றினால் என் மேம்பாலக் கதைதான்.

அன்று மாலையே ஆயிலை வடித்து, எம்.ஏ. ஆயில் ஊற்றி, ஒரு வாரம் ஓட்டி, மறுபடியும் வடித்து ஊற்றிய பிறகு வழுக்கல் நின்றது. தட்டு மாற்றும் செலவில்லாமல் தப்பித்தேன். நாலு வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு போத்தல் ஆயில் போச்சு. ஒரு படி கெட்டி கூடக் குறைய ஊற்றினால் இன்ஜின் பொறுத்துக்கொள்ளும், வகையே மாறினால் நடு ரோட்டில் நிறுத்திவிடும் என்பதை அந்த லோரியின் ஹார்ன்தான் எனக்குப் புரியவைத்தது.

செமியா, ஃபுல்லியா?

தவுக்கேயின் கேள்விக்கு வருவோம். மினரல் என்றால் கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்த அடிப்படை எண்ணெய். ஃபுல்லி சிந்தெடிக் என்றால் முழுக்க ஆய்வுக்கூடத்தில் கட்டியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. அதே கச்சா எண்ணெயை ஹைட்ரஜன் செலுத்தி மிகக் கடுமையாகச் சுத்திகரித்த, மூன்றாம் குரூப் என்று வகைப்படுத்தும் எண்ணெயையும் பல நாடுகளில் சிந்தெடிக் என்றே விற்கிறார்கள். இதன் மேல் இரண்டு பெரிய ஆயில் கம்பெனிகள் அமெரிக்காவில் விளம்பர நடுவர் முன் சண்டை போட்டு, 1999இல் அப்படிச் சொல்லலாம் என்று தீர்ப்பானது. செமி சிந்தெடிக்கில் எத்தனை சதவீதம் சிந்தெடிக் இருக்க வேண்டும் என்பதற்கு வடையில் எந்த அளவும் இல்லை. ஆக, இந்தச் சொற்கள் விலைப் பட்டியலின் சொற்கள். சோதனையில் தேறியதற்கான சான்று எழுத்துக் குறியில்தான் இருக்கிறது.

அதற்காகச் சிந்தெடிக் வீண் என்று சொல்ல மாட்டேன். நல்ல அடிப்படை எண்ணெய் சூட்டில் ஆவியாவது குறைவு, சீக்கிரம் கெடாது. 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிய ஆயிலை மினரலில் செய்யவே முடியாது, ஆவியாகித் தொலையும். இங்கே முதல் எண்ணுக்குச் சுற்றுவழியில் ஒரு மதிப்பு வருகிறது: கோலாலம்பூரில் குளிர் இல்லைதான், ஆனாலும் 5டபிள்யூ-40 போத்தலுக்குள் 15டபிள்யூ-40 போத்தலில் இருப்பதைவிட நல்ல அடிப்படை எண்ணெய் இருக்க வாய்ப்பு அதிகம்.

பட்டறையில் ஒட்டும் ஸ்டிக்கரில் மினரலுக்கு 5,000 கிலோமீட்டர், செமிக்கு 7,000, ஃபுல்லிக்கு 10,000 என்று எழுதுவார்கள், அல்லது ஆறு மாதம். தைப்பூசத்துக்கு முந்திய இரவு பத்துமலைப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்: ஏர்கோன் ஓட, இன்ஜின் இரண்டு மணி நேரம் நின்ற இடத்திலேயே சுற்றும், மீட்டரில் ஒரு கிலோமீட்டர் ஏறியிருக்காது. ஆயிலுக்கு அது முழு வேலை. அதனால் மைவிக்கு 10,000 என்று ஸ்டிக்கர் சொன்னாலும் 7,000, 8,000க்குள் மாற்றிவிடுகிறேன்.

போலி ஆயில் பயம் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வடை முத்திரைக்கு உரிமம் வாங்கிய பிராண்டுகளின் பட்டியல் ஏ.பி.ஐ.யின் இணையதளத்தில் இருக்கிறது, பெயரைத் தட்டித் தேடலாம். பெயரே இல்லாமல் போத்தலில் மட்டும் வடை இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். ஆனால் பட்டியலில் இருக்கும் பிராண்டின் போத்தலிலேயே வேறெதையாவது ஊற்றி விற்றால் இது உதவாது. அதற்குத் தெரிந்த கடை, உடையாத மூடி, நம்ப முடியாத சலுகையைப் பார்த்ததும் கொஞ்சம் சந்தேகம், இவ்வளவுதான் வழி.

போன வாரம் மறுபடி கடைக்குப் போனேன். மைவிக்கு 0டபிள்யூ-20 எஸ்.பி., எக்ஸ்50க்குக் கையேட்டில் இருந்த எண்ணில் எஸ்.பி., ஈஸ்வராவுக்கு அப்பாவின் 20டபிள்யூ-50, எழுத்து எஸ்.எல்., மோட்டாருக்கு 10டபிள்யூ-30 ஜாசோ எம்.ஏ. மச்சானின் எஸ்.எம். போத்தல் கடைசியில் பின்கட்டில் இருக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் போனது. அதன் கையேடு எஸ்.ஜே.வும் அதற்கு மேலும், 30 ஆயில் என்றது. ஸ்டோரில் மைவிக்குப் போக மிஞ்சிய போத்தல் இன்னும் இருக்கிறது. அதன் மேல் தடித்த மார்க்கரில் மனைவி எழுதி வைத்திருக்கிறாள்: "கார் மட்டும். உங்க மோட்டார் இல்லை."